கரும்பின் குரோமோசோம்களை எண்ணியவர்: இ.கே.ஜானகி அம்மாள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜானகி அம்மாளைப் பற்றித் தமிழில் பரவும் குறிப்புகளில் பெரும்பாலானவை நாலு வரிப் புகழுரைகள். அவர் என்ன வேலை செய்தார், அதை எப்படிச் செய்தார் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். அவருடைய வேலையைக் கையால் செய்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கான செய்முறையும் நடுவில் இருக்கிறது.

ஜானகி அம்மாள் யார்?

இடவலத்து கக்கத் ஜானகி அம்மாள். அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் 1897 நவம்பர் 4 அன்று பிறந்தார். அப்பா கிருஷ்ணன் சப்-ஜட்ஜ். செடிகொடிகளில் ஈடுபாடு கொண்டவர். 19 பிள்ளைகள் இருந்த வீட்டில் ஜானகி பத்தாவது. தாவரங்களின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணி, அந்த எண்ணிக்கையை வைத்துப் பயிர்களின் பூர்வீகத்தையும் உறவுமுறையையும் சொல்லும் துறை அவருடையது. செல்மரபியல் என்கிறோம். கோவை, லண்டன், விஸ்லி, லக்னோ, அலகாபாத், ஜம்மு என்று பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, 1984 பிப்ரவரியில் சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர்" என்கிறார்களே, உண்மையா?

இப்படிச் சொல்வது தவறு. காலக்கணக்கைப் பார்த்தாலே தெரியும்.

கோவையில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1912-ல். சி.ஏ.பார்பர் அங்கே நியூகினி வழி வந்த தடித்த "வெள்ளை" என்னும் ஆலைக்கரும்பையும் கோவையில் தானாக விளைந்த காட்டுக் கரும்பான நாணலையும் கலந்தார். அதிலிருந்து வந்த கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளியானது. பார்பருக்குப் பின் பொறுப்பேற்ற டி.எஸ்.வெங்கட்ராமன் அந்த வழியில் அடுத்தடுத்த ரகங்களைக் கொண்டுவந்தார். ஜானகி அம்மாள் கோவைக்கு வந்தது 1934-ல். அதற்குள் கோவை ரகங்கள் வட இந்தியா முழுக்கப் பரவியிருந்தன. 1932-ல் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்பு வரியும் வந்துவிட்டது.

இனிப்பை நாணல் கொடுத்தது என்றும் சிலர் எழுதுகிறார்கள். நாணலில் சர்க்கரை மிகக் குறைவு. அது தந்தது கடினத்தன்மை: வறட்சி, குளிர், நோய் தாங்கும் சக்தி, கட்டையில் மறுபடி தழைக்கும் குணம். இனிப்பு ஆலைக்கரும்பின் சொத்து. இரண்டையும் ஒரே செடியில் சேர்ப்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கலுக்குள் என்ன நடக்கிறது என்று நுண்ணோக்கி வழியாகப் பார்த்தவர் ஜானகி அம்மாள். வேறொருவர் செய்ததை அவர் தலையில் ஏற்றினால், அவர் செய்தது மறைந்துபோகிறது.

அப்படியானால் கோவையில் அவர் செய்தது என்ன?

முதலில் ஒரு கணக்கு. மனிதருக்குச் செல்லில் 46 குரோமோசோம். பாதி அம்மாவிடமிருந்து, பாதி அப்பாவிடமிருந்து. ஆலைக்கரும்பின் செல்லில் 80. கோவை நாணலின் செல்லில் 64. இரண்டையும் கலந்தால் பாதி பாதியாக 40 + 32 = 72 வர வேண்டும். கோ 205-ல் இருப்பது 112. அதாவது 80 + 32. தாயான ஆலைக்கரும்பு தன் குரோமோசோம்களைப் பாதியாக்காமல் முழுசாகக் கொடுத்துவிட்டது!

ஜாவாவில் இருந்த டச்சு ஆய்வாளர் பிரெமர் 1920-களில் இந்த விசித்திரத்தைக் கவனித்துச் சொல்லியிருந்தார். கரும்பு வளர்ப்பவருக்கு இது பெரிய வரம். கலப்பை மறுபடி ஆலைக்கரும்போடு சேர்த்தால், கணக்குப்படி 80 + 56 = 136 வரும். ஒவ்வொரு தடவையும் இனிப்பின் பங்கு முழுசாக ஏறும். நாணலின் பங்கு பாதியாகக் குறையும். இரண்டு மூன்று தலைமுறையிலேயே ஆலைக்கு ஏற்ற கரும்பு கிடைப்பதற்குக் காரணம் இதுதான். அதற்கு மேல் போனால் வழக்கமான பாதிப் பாதிக் கணக்கு திரும்பிவிடும்.

நாணல் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஊருக்கு ஊர் அதன் குரோமோசோம் எண்ணிக்கை மாறும். 40-லிருந்து 128 வரை போகும். வெளியே பார்த்தால் இரண்டும் நாணல்தான், உள்ளே வேறு வேறு. எந்த நாணலைக் கலக்கிறோம் என்று தெரியாமல் கலந்தால், விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாது. இந்திய நாணல் வகைகளின் எண்ணிக்கையை ஜானகி அம்மாள் எண்ணி 1936-ல் வெளியிட்டார். கரும்பின் பூர்வீகம் பற்றிய விவாதத்தில் இந்தியாவின் இடத்தை நிறுவ இந்த எண்கள்தான் அடிப்படையாக அமைந்தன. அலங்காரம் இல்லாத வேலை. அவர் கோவையில் செய்ததில் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தாராமே? அந்தப் பயிர் எங்கே போனது?

கலந்தார். 1938-ல் 'நேச்சர்' இதழில் அந்தச் செய்தி வந்தது. சோளம், தர்ப்பை இனப் புல், எரியாந்தஸ் என்னும் புல் ஆகியவற்றோடும் கரும்பைக் கலந்து ஆராய்ந்தார். வெங்கட்ராமன் செய்த கரும்பு–மூங்கில் கலப்பின் குரோமோசோம்களை எண்ணியவரும் இவரே.

அவை எதுவும் வயலுக்கு வரவில்லை. தூரத்து உறவுகளைக் கலக்கும்போது, விந்துசெல்லும் சூல்செல்லும் உருவாகும் கட்டத்தில் குரோமோசோம்கள் ஜோடி சேர முடியாமல் தவிக்கும். ஜோடி கிடைக்காதவை தாறுமாறாகப் பிரியும், மகரந்தம் மலடாகும். அதனால் அடுத்த தலைமுறை கிடைக்காது, கிடைத்தாலும் நோஞ்சானாக இருக்கும். அந்தக் கலப்புகளால் தெரியவந்தது வேறு: கரும்புக்கு யார் எவ்வளவு நெருங்கிய சொந்தம், எங்கே வரை கலக்கலாம். எரியாந்தஸ் கலப்பில் இன்றும் கரும்பு ஆய்வாளர்கள் ஆர்வத்தோடு வேலை செய்கிறார்கள். வறட்சி தாங்கும் குணம் அதில் இருக்கிறது.

இப்படிப்பட்ட தூரத்துக் கலப்புகளில் எப்போதும் ஒரு சந்தேகம் தொக்கி நிற்கும். தாய்ச்செடியின் சொந்த மகரந்தமே தவறி விழுந்து விதை பிடித்திருக்கலாம். அன்று அதைச் சரிபார்க்க இருந்த நம்பகமான வழி குரோமோசோமை எண்ணுவதுதான். இன்று டி.என்.ஏ. குறியீடுகளை வைத்துப் பார்க்கிறார்கள்.

கரும்பைத்தான் கரணை நட்டு வளர்க்கிறோமே, கலப்பு எப்படிச் செய்ய முடியும்?

விவசாயி கரணை நடுவார்; ஆய்வாளர் பூவுக்குக் காத்திருப்பார். கரணையில் வருவது தாயின் அச்சு நகல். புது ரகம் வேண்டுமென்றால் விதை வேண்டும். கரும்பு எல்லா ஊரிலும் பூத்து விதை பிடிக்காது. கோவையின் பகல் நீளமும் தட்பவெப்பமும் ஒத்துவந்ததால்தான் நிலையமே அங்கே அமைந்தது.

ஐப்பசி, கார்த்திகை வாக்கில் கரும்பின் உச்சியில் வெள்ளி நிறப் பூங்கதிர் கிளம்பும். ஒரு கதிரில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள். ஒவ்வொன்றிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் இருக்கும். அத்தனை பூவின் மகரந்தப் பையையும் இடுக்கியால் கிள்ளி எடுப்பது நடக்காத காரியம். ஆகவே, மகரந்தம் மலடாக உள்ள ரகத்தைத் தாயாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சோதனை எளிது: ஸ்லைடில் மகரந்தத்தைத் தட்டி, ஒரு சொட்டு அயோடின் விட வேண்டும். மாவுச்சத்து நிறைந்த நல்ல மகரந்தம் கருநீலமாகும். மலட்டு மகரந்தம் வெளிறிய மஞ்சளாகவே சுருங்கிக் கிடக்கும்.

தந்தைக் கரும்பு எங்கோ ஒரு வரப்பில் நிற்கும். அதன் கணுக்களில் மண் வைத்துக் கட்டி, செடியில் இருக்கும்போதே வேர்விடச் செய்து, பிறகு வெட்டித் தாய்க் கரும்பின் அருகே கொண்டு வருவார்கள். இரண்டு கதிர்களையும் துணிக்கூண்டால் மூடிவிட்டு, காலையில் தந்தையின் மகரந்தத்தைத் தாயின் மேல் உதிர்ப்பார்கள். தாமதித்தால் பயனில்லை, கரும்பு மகரந்தம் மிகச் சீக்கிரம் உயிர்ப்பை இழந்துவிடும்.

விதை முற்றியதும் கதிர் பஞ்சாகப் பறக்கும். பஞ்சோடு சேர்த்தே தட்டில் தூவி, மணல், செம்மண், மக்கிய தொழுவுரக் கலவையில் லேசாக அமுக்கி, எப்போதும் ஈரம் காக்க வேண்டும். ஒரு வாரத்தில் புல் மாதிரி முளைக்கும். ஒரு நாள் காய்ந்தாலும் தட்டு முழுக்கப் போய்விடும். பூஞ்சை பிடித்தாலும் அதே கதிதான். நாற்றுகளில் ஆயிரத்தில் ஒன்று இரண்டுதான் தேறும். கலப்பு செய்த நாளிலிருந்து ரகமாக வெளிவரப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். நம்மூரில் பலர் நடும் கோ 86032 இப்படி வந்ததே. அதன் பெயரில் உள்ள "கோ" கோயம்புத்தூர்தான்.

குரோமோசோம் எண்ணுவதில் அப்படி என்ன கஷ்டம்?

1930-களில் வழக்கமான முறை இது: வேர்நுனியைப் பதப்படுத்தி, படிப்படியாக நீரை நீக்கி, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற கருவியால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனுக்குச் சீவி, ஸ்லைடில் ஒட்டி, மெழுகை நீக்கிச் சாயம் ஏற்ற வேண்டும். ஒரு செடிக்கு ஒரு வாரம் போய்விடும். சீவும்போது கத்தி ஒரு செல்லின் குறுக்கே ஓடினால் சில குரோமோசோம்கள் அடுத்த சீவலுக்குப் போய்விடும். எண்ணிக்கை குறைவாக வரும்.

வெங்காயத்தில் 16 பெரிய குரோமோசோம்கள்; குழந்தைகூட எண்ணிவிடலாம். கரும்பில் 80-லிருந்து 130 வரை, எள்ளைக் கொட்டியது மாதிரிச் சின்னச் சின்னதாக, ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். 111-ஆ 112-ஆ என்று தீர்மானிக்கப் பல செல்களைப் பார்த்து, கேமரா லூசிடா என்ற கண்ணாடி அமைப்பின் உதவியோடு ஒவ்வொன்றையும் காகிதத்தில் வரைந்து எண்ண வேண்டும். 1921-ல் பெல்லிங் என்பவர் அசிட்டோகார்மைன் சாயத்தில் செல்களை நசுக்கிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். அது பரவிய பிறகே வேலை வேகமானது.

மனிதச் செல்லில் 46 என்பதே 1956-ல்தான் உறுதியானது. அதுவரை 48 என்று பாடப்புத்தகம் சொன்னது. அந்தக் காலத்து நுண்ணோக்கியில் கரும்பை எண்ணுவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நாமே எண்ணிப் பார்க்கலாமா?

தாராளமாக. கல்லூரி ஆய்வகம் போதும். சின்ன வெங்காயத்தில் தொடங்குங்கள்.

1. வெங்காயத்தின் அடியில் உள்ள காய்ந்த பழைய வேர்களைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி ஒரு சிறு பாட்டிலின் வாயில் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இரண்டு முதல் நாலு நாளில் 2 செ.மீ. வேர் வரும்.
2. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வேர்நுனிகளை 1 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். செல் பிரிதல் அப்போது மும்முரமாக இருக்கும்.
3. வெட்டிய நுனியை 8-ஹைட்ராக்ஸிகுயினோலின் கரைசலில் (ஒரு லிட்டர் தண்ணீருக்கு 0.29 கிராம்) குளிர்ந்த இடத்தில் 3 மணி நேரம் வையுங்கள். குரோமோசோம்கள் சுருங்கித் தனித்தனியாக நிற்கும். வெங்காயத்துக்கு இதை விட்டாலும் ஒப்பேற்றலாம். கரும்பு, நெல் என்று போனால் விட முடியாது.
4. மூன்று பங்கு எத்தில் ஆல்கஹால், ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம் கலந்த திரவத்தில் 24 மணி நேரம் ஊறட்டும். அன்றன்றைக்குக் கலந்த திரவமாக இருக்க வேண்டும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் பல வாரம் கெடாது.
5. ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 60 டிகிரி செல்சியஸ் சூட்டில், 5 முதல் 8 நிமிடம். செல்களை ஒட்டவைக்கும் பசை இளகும். தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.
6. அசிட்டோகார்மைனில் அரை மணி நேரம். இதைத் தயாரிக்க 45 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், 55 மி.லி. தண்ணீர், 1 கிராம் கார்மைன்; மெதுவாகக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு வடிகட்டுங்கள்.
7. நுனியில் கருஞ்சிவப்பாகத் தெரியும் 1 மி.மீ. பகுதியை மட்டும் ஸ்லைடில் விட்டு மீதியை எறிந்துவிடுங்கள். 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு. கவர்ஸ்லிப் போட்டு, தீக்குச்சியின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். மேலே வடிதாளை மடித்து வைத்து, கட்டைவிரலால் நேர் கீழே அழுத்துங்கள்.
8. முதலில் 10 மடங்கு லென்ஸில் தேடி, 40-க்குப் போய், கடைசியில் எண்ணெய் விட்டு 100-ல் எண்ணுங்கள். குறைந்தது பத்துச் செல்களை எண்ணி எழுதுங்கள்.

செய்தோம், ஒன்றுமே தெரியவில்லை. எங்கே தவறு?

செல்கள் எல்லாம் உருண்டை உட்கருவோடு சும்மா இருந்தால், வெட்டிய நேரம் தவறு, அல்லது வேர் வளர்வதை நிறுத்திவிட்டது. நுனி பழுப்பாக இருந்தால் அந்த வேரை விட்டுவிடுங்கள். செல்கள் அடுக்கடுக்காகக் கட்டியாக நின்றால் அமிலத்தில் வைத்தது போதவில்லை. எல்லாம் வெளிறி, நுனி கூழாகிவிட்டால் அதிக நேரம் வைத்துவிட்டீர்கள். ஒரு நிமிட வித்தியாசம்கூடத் தெரியும்.

அழுத்தும்போது கவர்ஸ்லிப் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு குரோமோசோம்கள் சிதறிவிடும். இந்தத் தவறைத்தான் எல்லோரும் முதலில் செய்கிறார்கள். காற்றுக்குமிழ் வந்தால், சொட்டு சிறிதாக இருந்தது அல்லது கவர்ஸ்லிப்பைத் தட்டையாகப் போட்டீர்கள்; ஒரு ஓரத்தை முதலில் சாய்த்து இறக்க வேண்டும். எண்ணிக்கை 14, 15 என்று வந்தால் உடைந்த செல். 16 வருவதை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஜானகி அம்மாளின் துறையில் நேர்மை என்பது இந்த இடத்தில்தான் சோதிக்கப்படும்.

அவர் படித்த காலத்தில் அறிவியலில் என்ன மாறிக்கொண்டிருந்தது?

பண்புகள் தலைமுறைக்குத் தலைமுறை கடத்தப்படுவது பற்றிய மெண்டலின் விதிகள் மறுபடி கண்டெடுக்கப்பட்டது 1900-ல். ஜானகிக்கு அப்போது இரண்டு வயது. பண்புகளைச் சுமப்பது குரோமோசோம்கள்தான் என்ற கருத்து 1902, 1903-ல் எழுந்தது. 1910-லிருந்து மார்கன் பழ ஈக்களை வைத்து அதை நிறுவினார். அதுவரை தாவரவியல் என்றால் இலையை உலர்த்தி, பூவை விரித்து, பெயர் சூட்டுவது. ஜானகி கல்லூரிக்குள் நுழைந்த நேரத்தில் தாவரவியலின் கவனம் செல்லுக்குள் திரும்பியிருந்தது. 1937-ல் குரோமோசோமை இரட்டிப்பாக்கும் கோல்ச்சிசின் முறை பரவியது. 1953-ல் டி.என்.ஏ.வின் அமைப்பு. இந்த மாற்றம் எல்லாவற்றையும் ஒரே ஆயுளில் பார்த்தவர் அவர்.

படிப்பு எங்கே? அமெரிக்கா எப்படிப் போனார்?

தலச்சேரியில் கான்வென்ட் படிப்பு. பிறகு சென்னையில், 1914-ல் தொடங்கியிருந்த ராணி மேரிக் கல்லூரி. மாநிலக் கல்லூரியில் 1921-ல் தாவரவியல் ஆனர்ஸ். பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை. கூடப் பிறந்த பெண்களுக்குக் கல்யாணப் பேச்சு நடந்த வயதில், ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை கிடைத்து மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார் (கோவையின் பார்பர் வேறு, இவர் வேறு). அங்கே முதுகலைப் பட்டம். திரும்பி வந்து கற்பித்தார். மறுபடி போய் 1931-ல் டி.எஸ்சி. என்ற அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வு, தக்காளிக் குடும்பத்தைச் சேர்ந்த நிகாண்ட்ரா என்ற செடியின் குரோமோசோம்கள் பற்றியது. அதே குடும்பத்துக் கத்தரியின் பன்மடியத் தன்மை (குரோமோசோம் தொகுதிகள் பெருகியிருப்பது) பற்றி 1934-ல் எழுதினார்.

ஊர் திரும்பித் திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டு பேராசிரியர். அதன்பின் கோவை. இந்திய அறிவியல் கழகம் தொடங்கிய மறு ஆண்டே, 1935-ல், அதன் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோவையை விட்டு ஏன் போனார்?

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் உலக மரபியல் மாநாடு. அதற்குப் போன நேரத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. ஜானகி அம்மாள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். பெண் என்பதோடு தீயர் சாதி என்பதும் சேர்ந்து கோவையில் அவருக்கு இடர் தந்தது என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். போர் ஒன்றுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம்.

லண்டனில் என்ன செய்தார்?

1940 முதல் 1945 வரை, லண்டனை ஒட்டிய மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் செல்லியலாளர். குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு, விடிந்ததும் கண்ணாடிச் சில்லுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார் என்று சொல்வார்கள். கபோக் என்ற அணில்பிள்ளையும் அங்கே அவரோடு இருந்தது.

அந்த ஐந்து ஆண்டின் விளைவு, செல்லியலாளர் சி.டி.டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-ல் வெளியிட்ட பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ். சுமார் 10,000 தாவர இனங்கள். ஒவ்வொன்றுக்கும் குரோமோசோம் எண், பூர்வீக நிலம், மனிதருக்கு என்ன பயன் என்ற விவரம். இன்று கணினியில் தேடிக் கண்டுபிடிப்பதை அன்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த கட்டுரைகளைப் படித்து, சரிபார்த்து, அட்டவணையாக்கினார்கள். பத்து ஆண்டு கழித்து விரிவான பதிப்பு வந்தபோது டார்லிங்டனோடு வேறொருவர் பெயர் இருந்தது. முதல் அட்லஸில் பாதி உழைப்பு ஜானகி அம்மாளுடையது என்பதை மறந்துவிடக் கூடாது.

மக்னோலியா மரத்துக்கு ஏன் அவர் பெயர்?

1945-க்குப் பின் இங்கிலாந்தின் விஸ்லியில் இருந்த அரச தோட்டக்கலைக் கழகத்தில் (ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி) சேர்ந்தார். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்த முதல் பெண் விஞ்ஞானி. மக்னோலியா கோபஸ் நாற்றுகளின் குருத்தில் கோல்ச்சிசின் கரைசலை இட்டு, 38 குரோமோசோம்களை 76 ஆக்கினார். ஒரு ரகத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

கோல்ச்சிசின் செய்வது இதுதான். செல் பிரியும்போது குரோமோசோம்கள் முதலில் இரட்டிப்பாகும். பிறகு மெல்லிய இழைகள் அவற்றை இரண்டு பக்கமும் இழுத்துச் செல்லும். கோல்ச்சிசின் அந்த இழைகளை உருவாகவிடாது. இரட்டிப்பானவை ஒரே செல்லில் தங்கிவிடும். செல் பெரிதாகும், இலை தடிக்கும், பூவிதழ் அகலும்.

சொல்ல எளிது, பலிப்பது குறைவு. நாற்றின் நுனியில் 0.1 முதல் 0.5 சதவீதக் கரைசலைச் சொட்டினால் பாதிக்கு மேல் கருகலாம். பிழைத்ததிலும் சில கிளை இரட்டிப்பாகவும் சில பழையபடியும் கலந்து நிற்கும். பிறகு பழைய கிளை வேகமாக வளர்ந்து புதியதை அமுக்கிவிடும். இரட்டித்ததா என்று முதல் சோதனை இலைத்துளையில்: துளையைச் சூழ்ந்த காப்புச்செல்கள் பெரிதாக இருக்கும். உறுதி செய்ய வேர்நுனியை எண்ணியே ஆக வேண்டும்.

கோல்ச்சிசின் நமக்கு அந்நியம் இல்லை. நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது அதுவே. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு பயிரிடுவது அந்த விதைக்காகத்தான். கொடிய நஞ்சு, கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பள்ளி ஆய்வகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

இந்தியா திரும்பியது எப்போது?

1951-ல், நேருவின் அழைப்பில். இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையைச் சீரமைக்கும் பொறுப்பு. 1954-ல் துறை புத்துயிர் பெற்றது. அடுத்த ஆண்டு கோவையிலும் அதன் தென்மண்டல மையம் வந்தது. இந்தியத் தாவரங்களை இந்தியர்களே தேடி, இந்தியாவிலேயே சேகரித்து வைக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். தலைமைத் தாவரவியலாளராகப் பாதிரியார் சாந்தபாவ் நியமிக்கப்பட்டது அவருக்குக் கசந்தது. ஜானகி அம்மாள் மத்தியத் தாவரவியல் ஆய்வகத்துக்குத் தலைமை வகித்தார்.

1955-ல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றினான் என்ற கருத்தரங்கு. அழைக்கப்பட்டவர்களில் அவர் ஒருவரே பெண். இந்தியாவின் தன்னிறைவு வேளாண்மை, பழங்குடி மக்களின் தாவர அறிவு பற்றிப் பேசினார்.

இமயமலை பற்றி அவர் சொன்னது என்ன?

வடகிழக்கு இமயத்தில் குரோமோசோம் பெருகிய பன்மடியத் தாவரங்கள் அதிகம், வடமேற்கில் குறைவு என்று கண்டார். வடமேற்கு குளிரும் வறட்சியும். வடகிழக்கு குளிரும் ஈரமும். அத்தோடு சீனத் தாவரங்களும் மலாய்த் தாவரங்களும் வடகிழக்கில் சந்தித்துக் கலந்ததால் அங்கே புது இனங்கள் பெருகின என்று விளக்கினார். ஊர் ஊராகப் போய் எண்ணியவரால்தான் இப்படி யோசிக்க முடியும்.

சைலண்ட் வேலியில் அவர் பங்கு?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள காடு சைலண்ட் வேலி. அதன் வழியே ஓடும் குந்திப்புழை ஆற்றில் நீர்மின் அணை கட்டத் திட்டமிட்டபோது எழுந்த எதிர்ப்பில், எண்பது வயதில் ஜானகி அம்மாளும் சேர்ந்தார். அந்தக் காட்டுத் தாவரங்களின் குரோமோசோம் கணக்கெடுப்பில் முனைந்தார். மூழ்கிவிட்டால் அந்த அறிவும் சேர்ந்து மூழ்கும் என்பது அவர் கவலை. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. அவர் மறைந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

மதுரவாயலில்?

ஓய்வுக்குப் பின் ஜம்மு வட்டார ஆய்வகத்திலும், கொஞ்ச காலம் மும்பை டிராம்பேயில் உள்ள அணு ஆராய்ச்சி மையத்திலும் இருந்துவிட்டு, 1970 நவம்பரில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு வந்தார். மதுரவாயல் கள ஆய்வகத்தில் மூலிகைத் தோட்டம் வளர்த்து, கடைசி வரை எண்ணிக்கொண்டே இருந்தார். 1977-ல் பத்மஸ்ரீ.

அவர் வேலையின் தடயத்தை இன்று எங்கே பார்க்கலாம்?

ஜம்முவில் அவர் பெயரில் ஒரு உலர்தாவரத் தொகுப்பு உள்ளது. வகைப்பாட்டியலுக்கு மத்திய அரசு அவர் பெயரில் விருது தருகிறது. கொடைக்கானலின் ரோஜா வளர்ப்பாளர்களான கிரிஜா, வீரு வீரராகவன் தம்பதி தங்கள் புது ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்கள் மார்ச், ஏப்ரலில் விஸ்லிக்குப் போனால் பேட்டில்ஸ்டன் ஹில்லில் அவர் வளர்த்த மக்னோலியாக்களைப் பார்க்கலாம். இலை துளிர்க்கும் முன்பே வெள்ளைப் பூ அடர்ந்து நிற்கும். பக்கத்தில் சாதாரண கோபஸ் மரம் இருந்தால், கோடையில் இரண்டின் இலையையும் விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள். தடிமன் வேறுபாடு கைக்கே தெரியும்.